மாலதியின் நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் மாலதியை நீல நிற நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதைப் பார்க்கச் சாமுண்டீஸ்வரிக்குப் பொறுக்காது.

மாலதி அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் சிவகுமாரின் மனைவி. போன வருஷம் மாரடைப்பு வந்து பிழைத்தவள். இவர்கள் ஊருக்குச் சாலை கிடையாது. ஏரியைப் படகில் கடந்தால்தான் பழவேற்காட்டுத் துறை, அங்கேதான் ஆம்புலன்ஸ் வரும். “மறுபடி வந்தால் நோயாளி ஓர் அடிகூட நடக்கக் கூடாது, எல்லாம் தயாராக இருக்கட்டும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒரு படகு எப்போதும் பெட்ரோலோடு கரையில் நிற்கிறது. மாத்திரையும் பரிசோதனைத் தாள்களும் ஒரு பையில், கதவோரம். வாரம் ஒருமுறை ஒத்திகை. மாலதி போனில் பேசுவதுபோல் பேசுவாள், மாத்திரைக்குப் பதில் மிட்டாய் மெல்லுவாள். பிறகு அண்ணன் தம்பி இருவரும் நாற்காலியைத் தூக்கிப் படகில் வைத்து, இன்ஜினைப் போட்டுப் பார்த்து நிறுத்துவார்கள். கரையில் பெண்கள் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அந்த அண்ணன், சாமுண்டீஸ்வரியின் புருஷன் கேசவன். தன் மனைவிக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கித் தராதவன்.

நாலைந்து நாட்களாகச் சாமுண்டீஸ்வரிக்கு முதுகில் ஓர் இழுப்பு. மீன் கூடையோடு நடந்தால் தாடைவரை நோவு ஏறியது. நெஞ்சு கரிக்கிறது என்று கேசவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

“இன்னாமே, உனக்கும் சேர் வேணுமா?” என்று அவன் சிரித்தான்.

அதோடு வாயை மூடிக்கொண்டாள். செத்தாலும் சரி, மாலதியைப் பார்த்துக் காப்பியடிக்கிறாள் என்று ஊர் பேசக் கூடாது.

அந்த ஞாயிறு, வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கை ஓடவில்லை. மாலதி எதிரே வந்து நின்றாள்.

“அக்கா, இன்னா இப்டி வேர்க்குது உனக்கு?”

“வெயிலு.”

வெயில் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது.

“தாடை நோவுதா? முதுகுல இழுக்குதா?”

இரண்டும்தான். ஆனால் இவளுடைய நோயில் பங்கு கேட்டு நிற்பதா? “எனக்கு ஒண்ணும் இல்ல. போய் உன் வேலயப் பாரு. உனக்குத்தான் வேலையே இல்லியே.”

மாலதி கோபப்படவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, “எனக்கு இன்னிக்குத் தல சுத்துதுக்கா. எனக்குப் பதிலா நீ சேர்ல உக்காரேன்,” என்றாள்.

“நானா?”

“நடிக்கறதுதான. உன்னத் தூக்கிப் பழகிட்டா இவங்க யாரையும் தூக்கிடுவாங்க.”

சாமுண்டீஸ்வரி கரையைப் பார்த்தாள். பெண்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். “சேலைய மாத்தினு வரேன்.”

“எழுந்துக்காத. இங்கியே சேரைக் கொண்டாரச் சொல்றேன்.”

மாலதி சிவகுமாரின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு போனை எடுத்தாள். ஊர், பெயர், வயது, வியர்வை என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். என்னமா நடிக்கிறாள் என்று சாமுண்டீஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

“அக்கா, ஒத்துக்காத மாத்திர எதனா கீதா? வயித்துப் புண்ணு, ரத்தம் போறது?”

“ஒண்ணும் கிடையாது. சீக்கிரம் ஆவட்டும்.”

“இத மென்னு.”

“இன்னாடி மிட்டாய் புளிக்குது?”

“புதுசு. துப்பாத.”

நாற்காலி எழுந்தது. “இம்மாங் கனம் கனக்கறியே,” என்றான் கேசவன்.

“பேசாமத் தூக்குண்ணே,” என்றான் சிவகுமார்.

கரைப் பெண்கள் பார்த்தார்கள். நோவை அடக்கிக்கொண்டு சாமுண்டீஸ்வரி கழுத்தை நிமிர்த்தினாள். இந்தச் சுகத்தை இத்தனை நாள் ஒருத்தியே அனுபவித்திருக்கிறாள் பார் என்று தோன்றியது.

இன்ஜின் ஓடியது. நிற்கவில்லை. கரை விலகியது.

“போதும், திருப்பு,” என்றாள்.

சிவகுமார் இன்ஜினை இன்னும் முடுக்கினான். கேசவனின் முகம் வெளுத்திருந்தது. மாலதி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நெஜமாவாடி?”

“நெஜமாத்தான்க்கா.”

“நான் எறங்கிடுவேன்.”

“இங்க முட்டியளவுதான் தண்ணி. ஆனா நீ நடக்கக் கூடாது.”

சென்னை ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். வார்டுக்கு மாற்றியதும் முதலில் உள்ளே வந்தவள் மாலதி.

“ஏன்டி ஏமாத்துன? நேராச் சொல்றதுக்கு இன்னா?”

“சொல்லியிருந்தா வந்திருப்பியா?”

“மாட்டேன்.”

“தெரியும். உன் இடத்துல நான் இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.”

“உனக்கு இன்னாடி கொற?”

மாலதி போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள். “காலைல நீ கூடையோட படகு ஏறுவ. பொன்னேரி மார்க்கெட்டுல யார்கூட சண்ட, எவன் ஏமாந்தான்னு சாயந்திரம் வந்து சிரிச்சினே சொல்லுவ. நான் நாள் பூரா சுவத்தப் பாத்துனு கெடந்துட்டு அதக் கேக்கணும். உன்னக் கடிச்சி வச்சிடலாமானு இருக்கும்.”

சாமுண்டீஸ்வரி மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

“தெனமுமா?”

“தெனமும்.”

“அந்த நண்டு வியாபாரிய நான் கிழிச்சேனே, அன்னிக்குமா?”

“அன்னிக்கு எனக்குச் சோறே எறங்கல.”

சாமுண்டீஸ்வரி கண்களை மூடிக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

“இன்னும் சொல்லு,” என்றாள்.