ஒன்றரைச் சுற்று

"இந்த வண்டி சரிவுல ஏறியே ஆவணும்ணா. கிரேன் வெச்சு தூக்கிப் போட்டா வீடியோல நல்லாவா இருக்கும்?" என்றான் மோகன்ராஜ்.

கூடுவாஞ்சேரியில் அவன் கட்டி முடித்திருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நாலடி உயர சிமென்ட் மேடை தயாராக இருந்தது. திறப்பு விழாவில் அப்பாவின் பழைய டிராக்டரை அவனே ஓட்டிக்கொண்டு அதன்மேல் ஏற வேண்டும். பின்னால் ட்ரெய்லரில் இருபது நெல் மூட்டை. மூட்டைக்குள் இருந்தது கட்டுமான எம்-சாண்ட் மணல்தான், வீடியோவில் தெரியாது.

பெயின்ட், டயர், விளக்கு எல்லாம் புதுசு. ஆனால் ஒத்திகையில் வண்டி பாதிச் சரிவில் முனகிக்கொண்டு நின்றுவிட்டது.

"பம்மல்ல ஜெபராஜ்னு ஒருத்தர் கீறார். பழைய இன்ஜினுக்கு பவர் ஏத்துறதுல கில்லாடியாம். நீ வண்டியோடவே போய்ட்டு வாண்ணா. ஆனா அங்க நீ எதையும் தொடாத, இன்னா?"

அண்ணன் ஏகநாதன் தலையாட்டினார். அந்தக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் போடுவது அவர்தான். ஒரு காலத்தில் அதே இடத்தில் ஐந்து ஏக்கர் உழுதவரும் அவர்தான். தொண்ணூற்றெட்டாம் வருடம் மாசி மாதம், ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுத்தார். நடுவயலில் இன்ஜின் கொதித்து நின்றது. மறுநாள் கிளம்பியது. இரண்டு நாள் ஒழுங்காக உழவும் செய்தது.

"எதுக்கும் டீசல் பம்பைக் காட்டிகினு வந்துடறேன்" என்று கழற்றி எடுத்துப் போனவன் மோகன்ராஜ். திரும்ப மாட்டியபின் வண்டி கலப்பையை இழுக்கவில்லை. இன்ஜின் உள்ளுக்குள் செத்துவிட்டது, ரிப்பேர் செய்வது வீண் என்று மெக்கானிக் சொன்னதாக அவன்தான் வந்து சொன்னான். "இவன் கை பட்டா எதுவும் விளங்காது" என்றார் அப்பா, ஏகநாதனைக் காட்டி. அதற்குப் பிறகு அவர் பெரிய மகனோடு பேசவே இல்லை. உழ வழியில்லாத நிலத்தை விற்றுவிடலாம் என்று தம்பி பத்திரத்தை நீட்டியபோது, குற்றவாளி கையெழுத்துப் போடுவதைப் போலத்தான் ஏகநாதன் போட்டார்.

டிராக்டர் லாரியில் பம்மலுக்குப் போனது.

"லைனரைக் கடைஞ்சு பெரிய பிஸ்டனா போட்டுடலாமா?" என்று ஏகநாதனே கேட்டார். "நான் கெடுத்த இன்ஜின் தம்பி இது. செலவாவும்னு தெரியும்."

ஜெபராஜ் ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜைப் பொருத்தி அழுத்தம் பார்த்தார். மூன்றையும் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"யார்ணா சொன்னது கெட்டுப் போச்சுன்னு? மூணு சிலிண்டரும் கல்லு மாதிரி கீது. பவர் ஏத்தவே வேணாம். உள்ள கீற பவரை வெளிய வுட்டா போதும்."

டீசல் பம்பின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தார். இன்ஜினுக்கு எவ்வளவு டீசல் போகலாம் என்று தீர்மானிக்கும் திருகாணி அங்கே இருந்தது. யாரும் தொடாதபடி கம்பி கோத்து ஈய சீல் வைத்திருந்தார்கள்.

"எவனோ நல்லா உள்ள தள்ளி முறுக்கி வெச்சுகிறான். பாதிக்குப் பாதி டீசல்தான் போவுது. பட்டினி போட்டா எப்டி இழுக்கும்?"

கம்பியில் சின்னத் தகரத் துண்டு ஒன்று தொங்கியது. பம்புகள் மாறிப்போகாமலிருக்க, கொண்டுவந்தவர் பெயரைத் தகரத்தில் ஆணியால் குத்தி மாட்டுவது பம்பு கடைக்காரர்கள் வழக்கம். ஜெபராஜ் எச்சில் தொட்டுத் தேய்த்துப் படித்தார்.

"மோகன்ராஜ், கூடுவாஞ்சேரி. மார்ச் தொண்ணூத்தெட்டு. யாருண்ணா இது? தெரிஞ்சவரா?"

"என் தம்பி."

ஜெபராஜ் குறடை எடுத்தார். சீலை வெட்டினார். திருகாணியை ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். இன்ஜின் ஒரு முறை கரும்புகை கக்கியது, பிறகு தெளிந்து உறுமியது. எதிர்க்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "யோவ், ஏரோப்ளேனா?" என்று கத்தினார்.

ஏகநாதன் லாரி வேண்டாம் என்றார். பல்லாவரம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஜி.எஸ்.டி. சாலையில் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மேம்பாலத்திலும் வண்டி கியர் மாற்றாமல் ஏறியது. ஒவ்வொரு முறை அது ஏறும்போதும் சட்டைப் பையிலிருந்த தகரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நேராகத் தம்பியின் அலுவலக அறைக்குப் போய்த் தகரத்தை மேஜைமேல் வைத்தார். மோகன்ராஜ் எடுத்துப் படித்தான். முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"இத்தினி வருஷம் கழிச்சு இதுக்கு இன்னாண்ணா? வண்டி நல்லா இருந்தா நீ உழுதுகினேதான் கிடப்ப. கையெழுத்து போட்ருப்பியா? வூட்டுல யாராவது ஒருத்தன் யோசிக்கணும்ல?"

"அப்பா கடைசி வரைக்கும் என்கிட்ட பேசல, மோகன்."

"அவருக்கு வயசாயிடுச்சு." அவன் செல்போனைக் கையில் எடுத்தான். "சரி, வண்டி ஏறும்ல? அத்த சொல்லு." ஏகநாதன் தகரத்தை எடுத்து மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மனைவி கிளியம்மாள் கொதித்தாள். "விழாவுல எல்லார் முன்னாடியும் அந்தத் தகரத்தைத் தூக்கிக் காட்டுங்க! வாயி இல்ல உங்களுக்கு?"

"யாருக்குக் காட்டுறது? பாக்க வேண்டியவரு போய்ச் சேந்துட்டாரு."

ஆனால் சும்மா இருக்கவும் அவரால் முடியவில்லை. விழாவன்று காலை தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு, ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவருமாக டிராக்டரிடம் போனார். எடுத்த ஒன்றரைச் சுற்றைத் திரும்ப உள்ளே தள்ளினார்.

பட்டு வேட்டியும் பச்சைத் தலைப்பாகையுமாக மோகன்ராஜ் வண்டியில் ஏறினான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மேளம் கொட்டியது. அவன் மகள் வினிதா செல்போனில் படமெடுத்தாள். பாதிச் சரிவில் இன்ஜின் குலுங்கி அணைந்தது. மண் மூட்டைகள் பின்னால் இழுக்க, வண்டி சரிந்து வந்து வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை முறித்துக்கொண்டு நின்றது. கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது.

"இன்னாண்ணா பண்ண?" மோகன்ராஜ் பல்லைக் கடித்தான்.

ஏகநாதன் வாயைத் திறப்பதற்குள், முன்வரிசையிலிருந்த ஊர்ப் பெரியவர் பக்தவச்சலம் எழுந்தார். "ஏம்பா மோகன், இவன் கையிலயா வண்டியைக் குடுத்த? அன்னிக்கே இந்த இன்ஜினை நாசம் பண்ணவனாச்சே! உங்க அப்பா சும்மாவா சொன்னாரு?"

"ஆமாமா" என்று நாலைந்து தலைகள் ஆடின. நிலம் விற்றபோது பிறந்திராத பிள்ளைகள்கூட அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏகநாதனின் கை சட்டைப் பைக்குப் போனது. தகரம் அங்கேதான் இருந்தது. இப்போது அதை எடுத்துக் காட்டினால், செய்த தப்பை மறைக்கத் தம்பிமேல் பழி போடுகிறான் என்பார்கள். இன்று காலை திருகாணியைத் திருப்பியது யார் என்று கேட்டால் என்ன சொல்வது?

மோகன்ராஜுக்கும் அது புரிந்துவிட்டது. கோபம் போய்ச் சிரித்த முகம் வந்தது. "வுடுங்க மாமா. அண்ணனுக்கு வயசாயிடுச்சு."

பின்தெருவில் வேலை செய்துகொண்டிருந்த கிரேன் வந்தது. பத்தே நிமிடத்தில் டிராக்டரை மேடையில் தூக்கி வைத்தது. அதன் முன்னால் வரிசையாக நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மேடையின் நான்கு பக்கமும் கம்பி வேலி போட ஆட்கள் காத்திருந்தார்கள்.

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். "மோட்டார் அண்ணா! குழாய்ல தண்ணி வரல, கொஞ்சம் பாருங்க!"

"தோ வரேம்மா" என்று ஏகநாதன் பம்பு அறைக்குப் போனார்.