படம் பிடிக்க நிறுத்திய வண்டி

ஆபத்துக் காலத்தில் மக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்காக, வட்டாரத்துக்கு ஒன்றாக இருந்த ஒலிபெருக்கி வண்டிகளை எல்லாம் வரவழைத்து, மண்டலத் தலைமை ஊரான பொல்கத்தாங்காவில் ஒரு ஹோட்டல் முற்றத்தில் நிறுத்திவிட்டார்கள். ஊரில் ஆபத்து வந்தால் சொல்வதற்கு வண்டி இல்லை. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

நான் ஆயம்போகா, ஆற்றங்கரை வட்டாரத்தின் தகவல் அதிகாரி. பயிற்சியின் இரண்டாம் நாள் காலையில், எல்லைக்கு அந்தப் பக்கத்து அணையில் மதகைத் திறந்துவிட்டதாகச் சேதி வந்தது. மறுநாள் விடிவதற்குள் தண்ணீர் எங்கள் ஆற்றங்கரைக் கிராமமான திலிவாரிக்கு வந்துவிடும். அங்கே சோள அறுவடை நேரம். ஜனங்கள் குழந்தை குட்டி, ஆடு கோழியோடு வயல் குடிசையிலேயே படுத்துக் கிடப்பார்கள். போனில் சார்ஜ் இருக்காது. நேரில் போய்க் கத்தினால்தான் உண்டு.

மண்டல அதிகாரி அவுனி சாரிடம் ஓடினேன். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, அந்த ஊர் மன்ற உறுப்பினருக்குப் போன் போடச் சொன்னார். போட்டேன். அவர் எங்கோ தெற்கே குமாசியில் ஒரு சாவு வீட்டில் இருந்தார். அப்படியானால் வேறு ஆளைப் பிடி என்றார் சார். மாலையில் விருந்தினர்கள் வருகிறார்களாம், வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம், அதுவரை ஒரு வண்டியும் நகரக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே, தலைநகர் அக்ராவிலிருந்து வந்த பயிற்சியாளர், முதல் சேதி நம்மிடமிருந்துதான் போக வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"அணையத் திறந்துட்டாங்கன்னு வெச்சுக்குவோம். யாராவது அறிவிச்சுக் காட்டுங்க."

மைக்கை நான் வாங்கினேன். வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? எங்கள் குசால் மொழியில், திலிவாரிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆட்டை அவிழ், பிள்ளையைத் தூக்கு, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

மண்டபமே கைதட்டியது. குரலில் உண்மை இருக்கிறது என்றார் பயிற்சியாளர். முன்வரிசையில் அவுனி சாரும் தட்டினார். காலையில் இதே சேதியைக் கேட்டுக்கொண்டு பிஸ்கட் தின்ற அதே மனிதர்.

"கைதட்டுற யார் வீடும் ஆத்தங்கரையில இல்ல" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

டிரைவர் அகோல்கோ எங்கள் வட்டார வண்டியில் பயிற்சி பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார். கிளம்பச் சொன்னேன்.

"சார் கேட்டா என்ன சொல்றது மேடம்?"

"நான் வண்டியக் கடத்திட்டேன்னு சொல்லுங்க."

பொழுது சாயும்போது திலிவாரியில் இருந்தோம், பேனரோடு. என் குரல் கேட்டு ஜனங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மேடேறத் தொடங்கினார்கள். அப்போது போன் அடித்தது. அவுனி சார்தான். எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஒலிபெருக்கி மைக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? வரிசையில ஒரு வண்டி குறையுது. படமே பாழாப் போச்சு. உடனே திரும்பி வா."

ஆற்றங்கரை முழுக்கக் கேட்டது. தலையில் கோழிக்கூடை, இடுப்பில் பேரப்பிள்ளையோடு போய்க்கொண்டிருந்த அஸிபி அக்கா நின்றாள். வண்டிப் பக்கம் வந்து, மைக்கில் வாயை வைத்துப் பேசினாள்.

"ஐயா, நீங்க இங்க வந்துடுங்க. ராத்திரி எங்க குடிசை வாசல்ல நின்னு படம் எடுத்துக்கலாம்."

சொல்லிவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தாள். போனில் சார் மூச்சு விடுவது மட்டும், கரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.