உள்ளேயே இருந்த மண்ணீரல்

அறுவைக் கூடத்தை ஒட்டிய ஓய்வறையில் மாத்தே என்னும் கசப்புத் தேநீர்க் குடுவை கைமாறிக்கொண்டிருந்தபோதுதான் உதவி மருத்துவர் சில்வானா தடுப்பூசிப் பேச்சை எடுத்தாள்.

"டாக்டர், அந்த மீன்காரப் பொண்ணு மாரிசெலுக்கு இந்த வாரமே ஊசி போட்டுடலாமா? ஒருவேளை மண்ணீரலையும் சேர்த்து எடுக்க வேண்டி வந்தா..."

அவள் முடிக்கவில்லை. அபசகுனம் காதில் விழுந்தால் அந்த ஊர் ஆண்கள் செய்வதுபோல, இளம் மருத்துவர்கள் இருவர் சட்டென்று கால்சட்டைக்கு மேல் இடது விரையைத் தொட்டுத் திருஷ்டி கழித்துக்கொண்டார்கள். தலைமை மருத்துவர் தர்தித்தி உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"ஏய் ஒல்லி, மேட்ச் ஆடுறதுக்கு முன்னாடியே பட்டாசு வாங்கி வைக்கிற ஆளா நீ?"

"அதுக்கில்ல டாக்டர்..."

"ஊசி போட்டா மண்ணீரலுக்கு டாட்டா காட்டுற மாதிரி. போன தடவை போட்டுட்டுப் போனோம், என்னாச்சு? ஒரே ரத்தம். இந்த வருஷம் ஒண்ணுகூட எடுக்கல. அபசகுனமா வாயத் திறக்காதே."

எல்லோரும் சிரித்தார்கள். சில்வானாவும் சிரித்தாள். கால்பந்துப் பித்துப் பிடித்த ரொசாரியோ நகரில் ஆட்டத்தன்று ராசிக்காகத் துவைக்காத சட்டையைப் போடாதவர் யார்? தர்தித்தியின் வெளிறிய பச்சைத் தொப்பியை ஆண்டுக்கணக்காக யாரும் சலவைக்கு எடுத்ததில்லை. கணையத்தின் வால் பகுதியை வயிற்றில் சில துளைகள் மட்டும் போட்டு வெட்டியெடுப்பதும், அதை ஒட்டிக்கிடக்கும் மண்ணீரலைச் சேதமில்லாமல் விட்டுவருவதும்தான் அந்தத் தொப்பியின் புகழ்.

மாரிசெலுக்கு அறுவைக்கு முந்தைய நாள் ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. ஆற்றங்கரைக் கடையில் மீன் சுத்தம் செய்பவள். விரலெல்லாம் முள் கீறிய தழும்பு.

"டாக்டர், அந்த மண்ணீரல் போச்சுன்னா சின்னக் காயத்துலகூடக் கிருமி ஏறி ஆளையே கொண்டுபோயிடுமாமே? என் வேலையே காயம்தானே."

"எங்க பெரியவர் அதைக் காப்பாத்திடுவாரு. கவலைப்படாதே," என்றாள் சில்வானா.

மறுநாள், கணையத்தின் வாலில் இருந்த கட்டி நினைத்ததைவிட ஒட்டிக்கிடந்தது. அதைப் பிரிக்கும்போது மண்ணீரலுக்குப் போகும் ரத்தநாளம் கிழிந்து கேமராத் திரை முழுக்கச் சிவந்தது. தர்தித்தி பதறவில்லை. தமனிக்கும் சிரைக்கும் கிளிப் போட்டு வெட்டினார், கட்டியை எடுத்தார். இரைப்பையிலிருந்து வரும் சின்ன நாளங்களே மண்ணீரலுக்குப் போதும் என்று அதை உள்ளேயே விட்டார். பல பேருக்கு அது போதும்தான். ஆனால் திரையில் மண்ணீரல் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது, திரும்பி வரவில்லை.

"நிறம் வரல டாக்டர்," என்றாள் சில்வானா.

"வரும்."

"கொஞ்சம் பார்த்துட்டு மூடலாமே. வரலைன்னா எடுத்துடலாம்."

"எடுக்கிறதா? தையலைப் போடு ஒல்லி."

வெளியே வந்ததும் இளம் மருத்துவர்களில் ஒருவன் பேக்கரிக்கு ஓடினான். மண்ணீரல் தப்பிய நாளெல்லாம் அங்கே இனிப்பு ரொட்டி வாங்குவது வழக்கம்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் எடுத்த ஸ்கேனில் மண்ணீரலுக்குள் ரத்தம் துளியும் போகவில்லை. சில்வானா படத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"உள்ளதானே இருக்கு?" என்றார் தர்தித்தி. "எடுக்கலைன்னா காப்பாத்தினதுதான். அடுத்த மாசம் இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம்."

"அதுக்குள்ள ஊசியாவது..."

"ஊசி போட்டா அவளுக்கு என்ன சொல்லுவே? இந்த வருஷம் ஒரு மண்ணீரல்கூடப் போகலைன்னு மாநாட்டுல நான் எப்படிப் பேசுவேன்?"

மாரிசெலின் தாய் எல்பா கதவருகே பையோடு நின்றாள். "எல்லாம் நல்லபடியா இருக்கா டாக்டரம்மா?" என்றாள். சில்வானா தலையாட்டினாள். எல்பா அவள் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, பொரித்த மீன் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள்.

அந்த அடுத்த மாதப் படம் எடுக்கவே இல்லை. அதற்கு முன்பே, ஒரு நண்பகலில் ஆம்புலன்ஸ் மாரிசெலைக் கொண்டுவந்தது. கைகால்கள் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தன. ரத்தம் முழுக்கக் கிருமி. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை தயாராவதற்குள் முடிந்துவிட்டது.

எல்பா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகளின் செருப்பு அவள் மடியில் இருந்தது.

"நேத்து காய்ச்சல்னு சொன்னா. மீன்முள் குத்தியிருக்கும், இல்லைன்னா சளிக் காய்ச்சலா இருக்கும்னு மாத்திரை குடுத்துப் படுக்கவச்சேன். பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்குப் போன்னா. நான்தான் அவளை அடக்கினேன். மண்ணீரல் பத்திரமா இருக்குடி, டாக்டருங்களே சொல்லியிருக்காங்கன்னு." நிமிர்ந்து பார்த்தாள். "உள்ளதானே இருந்துச்சு டாக்டரம்மா?"

தர்தித்தி நடைபாதையின் மறுமுனையில் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். சில்வானாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், சொல்லாதே என்பதுபோல.

"உள்ளதான் இருந்துச்சும்மா," என்றாள் சில்வானா. "ஆனா செத்துப்போயிருந்துச்சு. எங்களுக்குத் தெரியும்."

எல்பா மடியிலிருந்த செருப்பை ஒன்றுசேர்த்து வைத்தாள். பிறகு, சில்வானாவுக்காகப் பரிந்து பேசுபவள்போல மெதுவாகச் சொன்னாள்:

"இல்ல டாக்டரம்மா. தெரிஞ்சிருந்தா நீங்க அன்னிக்குத் தலையாட்டியிருக்க மாட்டீங்க."