தம்பியின் மணிக்கட்டு

கார்முகில் மலையின் தோளைவிட்டு இறங்காத பருவம் அது. பனிமுகடுகளைக் கண் தேடியும் காணாமல், தேவதாருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெண்மையுள் கரைய, விடியும்வரை தகரக்கூரையில் பெய்த மழை ஓய்ந்தபின்னும் செவியில் ஓயாமல் நிற்க, ஏதோ ஒரு செய்தி புறப்பட்டுவிட்டது, வாசலை மட்டும் இன்னும் எட்டவில்லை என்பதுபோல் ஊரே மூச்சடக்கிக் கிடந்தது… மருத்துவ நிலையத்தின் மூலிகை அறையில் கடுக்காய் இடிக்கும் ஓசை தொடங்கியிருந்தது. வைத்தியர் சோசம் அதைக் கேட்கவில்லை. அவளுடைய மூன்று விரல்கள் தம்பி குர்மேயின் இடக்கை மணிக்கட்டில் இருந்தன, எழ மறுத்தன.

இது அவனுக்காகப் பார்க்கும் நாடியன்று, எல்லைக்கு அப்பால் மந்தையோடு தங்கிவிட்ட தந்தைக்காகப் பார்ப்பது, புத்தாண்டுக்குப் பின் அவரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை, வர இயலாத தந்தையின் நிலையை மகனின் நாடியில் காணலாம் என்பது இதே நிலையத்தில் அவள் மனனம் செய்த பழைய சூத்திரம், நாடு விட்டு வந்தவர்கள் இங்கே வருவது மாத்திரைக்காக மட்டுமா, தாங்கள் கடக்க முடியாத எல்லையை இந்த விரல்களாவது கடக்கட்டும் என்றுதானே… துடித்தது, துடித்தது, நின்றது. தானியம் கொத்திய பறவை எதையோ கேட்டுத் தலைதூக்கி நிற்பதுபோல் நின்றது, பிறகு மறந்ததை நினைத்துக்கொண்டதுபோல் மீண்டும். இப்படி ஒரு நாடியை முன்பும் தொட்டிருக்கிறாள், ஒரு கம்பளி வணிகருடையது, சிரித்துக்கொண்டே எழுந்துபோனார், அடுத்த பௌர்ணமிக்குள் அவருடைய சாவுச்சடங்கில் நெய்விளக்குகள் எரிந்தன… யாருடைய சாவு இது? தந்தையுடையதா, இந்தக் கைக்கு உரியவனுடையதேயா? நாடிக்குப் பெயர் சொல்லத் தெரியாதே. நேற்று அவன் பார்லிக் கள் குடித்திருந்தால்? குடித்தவன் நாடி பொய் சொல்லும், பார்த்தது செல்லாது. ஊருக்கெல்லாம் கள்ளை விடச் சொல்கிறவள், ஒரு கோப்பை, ஒரே ஒரு கோப்பை என்று உள்ளுக்குள் இரந்தாள்.

"நேத்து ராத்திரி குடிச்சியாடா?"

"இல்லக்கா. நீ சொன்னியேன்னு இறைச்சிகூடத் தொடல. வருஷத்துல ஒரு நாள் ஒழுங்கா இருந்தேன், அதையும் நம்ப மாட்டியா?"

"குடிச்சிருந்தாலும் திட்ட மாட்டேன்."

"குடிக்கலன்னா மூஞ்சி வாடற வைத்தியர இப்பத்தான் பாக்கறேன்" என்று சிரித்தான். மோமோக் கடையில் மாவு பிசைந்து வைத்துவிட்டு வந்திருக்கிறானாம், அப்பா எப்படி இருக்கிறார் என்று சொன்னால் போய்விடுவானாம்.

அந்தச் சிரிப்பு… கணவாயில் தந்தை வழியனுப்பிய காலையில் இவன் அவள் முதுகில் உறங்கிக்கொண்டிருந்தான், இவனைப் பார்த்துக்கொள் என்றார், தனக்கென்று எதுவும் கேட்கவில்லை, திரும்பி நடந்தவரின் காலணித் தடத்தைப் பனி மூடிக்கொண்டே போனது, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்… அப்போதுதான் உணர்ந்தாள்: விரல் வைத்த கணத்திலிருந்து உள்ளம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறது, அப்பாவாக இருக்கட்டும், அப்பாவாக இருக்கட்டும். யார் கேட்டார்கள் அவளை? கேளாமலே ஒருவரைக் கொடுத்துவிட்டாளா? அவரைக் கேட்டிருந்தால் அவரும் அதையே சொல்லியிருப்பார் என்பது உண்மையா, அல்லது தனக்காக அவள் கட்டிக்கொண்ட நியாயமா?

"நாளைக்கும் விடிஞ்சதும் வா. இன்னொரு தடவ பாக்கணும்."

குர்மே சட்டைக்கையை இறக்கினான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அவருக்காகவா அக்கா, எனக்காகவா?"

சோசம் எழுந்தாள். நீலமேனி மருத்துவப் புத்தர் சிலையின் முன் சென்று, கிண்ணத்தில் தெளிந்த நீரை விளிம்புவரை வார்த்தாள். ஒரு துளியும் சிந்தவில்லை. எவர் பெயரைச் சொல்லி வேண்டுவது என்று நா தடுமாறி நின்றது. பெயர் எதுவும் சொல்லாமல் வணங்கி எழுந்தாள், திரும்பி வந்து, தன் நெற்றியைத் தம்பியின் நெற்றியோடு சேர்த்து வேண்டினாள்.

"நோயுற்ற உயிர்கள் யாவும் நலம் பெறுக. தொலைவில் இருப்போரும் அருகில் இருப்போரும் அச்சம் நீங்கி வாழ்க."