மூன்றாவது ஓலை

எங்கள் அப்பா சவரிமுத்து ஒன்று சொன்னால் சொன்னதுதான். பேச்சை மாற்றுவது மானக்கேடு என்று நினைக்கிற பிறவி. அதனால்தான் 1958இல் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பயந்துகொண்டே கோயிலுக்குப் போனேன்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். யாராவது எழுந்து சொன்னால் கல்யாணம் நின்றுபோகும்.

அம்மா எனக்குப் பார்த்திருந்த சந்தியாகு சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அரசாங்க கிளார்க்கான அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. அம்மா அழுது அடம்பிடித்துத்தான் ஓலைக்கே வழி பிறந்தது.

"மூணாவது ஓலையில நான் எழுந்து நிக்கிறேனா இல்லையான்னு பாரு" என்று அப்பா வீடே அதிரச் சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு ஓலைக்கும் அவர் வரவில்லை. மூன்றாவதுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டோடு வந்து, ஆண்கள் பக்கம் எங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். நான் ஓரக்கண்ணால் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சன்னல் வெயில் முகத்தில் அடித்தது. நகர்ந்து உட்காரக்கூடத் தோன்றவில்லை.

சாமியார் எங்கள் பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். அப்பா எழுந்தார்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கோயிலே திரும்பிப் பார்த்தது.

"என்ன சவரிமுத்து?"

"ஒண்ணுமில்ல சாமி. மக மூஞ்சியில வெயில் அடிக்குது."

நடுவழியைத் தாண்டி வந்து, என் பக்கத்துச் சன்னலின் ஒரு கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். சாமியார் ஓலையை மடித்தார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சின்ன வயதிலிருந்து வந்துபோகிற கோயிலை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன். உயரத்து வண்ணக் கண்ணாடிகள் வழியே வெயில் இறங்கி, வெள்ளைத் தூண்களில் சிவப்பும் நீலமுமாகப் படிந்திருந்தது. காரை உதிர்ந்த சுவர்கூட அழகாகத்தான் இருந்தது. அப்பாவின் வழுக்கையில் மஞ்சளாக ஒரு துண்டு வெயில். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"உசுரே போச்சுங்க. அந்த நேரம் பார்த்தா எழுந்திருப்பீங்க?"

அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"எழுந்து நிப்பேன்னு சொன்னேன்ல. நின்னுட்டேன் லா. போய்ப் பந்தலுக்குச் சொல்லு."