குவாரிக்கு ஒரு விளக்கு

பெங்களூரு காக்ஸ் டவுனில் ஃபிராங்க்ளின் நடத்தும், முக்குளிக்கிறவர்களுக்கான ஸ்கூபா சாமான் கடைக்குள் அன்று காலை முதலில் வந்தவள் ஐம்பது வயதுப் பெண்மணி. செருப்பெல்லாம் சிவப்புச் சேறு.

"தண்ணிக்குள்ள எரியற லைட்டு வேணுங்க. இருக்கறதுலயே பெருசா குடுங்க."

அவள் பெயர் சொர்ணம். தர்மபுரிக்காரி. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த அவள் மகன் ஹரிஷ்குமார், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆனேக்கல் பக்கத்துக் கல்குவாரிக்குக் குளிக்கப் போய் மூழ்கிவிட்டான். தீயணைப்புப் படையினர் இரண்டு நாள் கொக்கி போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. உடல் தானாக மேலே வரும், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"தண்ணி எப்படி இருக்கும்மா?"

"சேறு. கைய விட்டா விரல் தெரியல."

"அப்ப பெரிய லைட்டு வேணாம். பனில ஹெட்லைட்ட ஃபுல்லா போட்டா எதிர்ல வெள்ளையாத்தானே தெரியும், அந்த மாதிரி ஆயிடும். ஒளி அகலமா விரியக் கூடாது. குச்சி மாதிரி நேரா போகணும்." கையடக்கமான ஒரு விளக்கை எடுத்தான். "யாரு உள்ள இறங்கறாங்க?"

"யாருமில்ல. கயித்துல கட்டி நானே உள்ள விட்டுப் பாக்கறேன்."

கடலுக்கடியில் மீன் காட்ட ஆட்களைக் கூட்டிப் போகிறவன் ஃபிராங்க்ளின். பிணம் தேடி ஒருநாளும் இறங்கியதில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூட்டாளி லாயிடைக் கூப்பிட்டான். "லாயிட், சிலிண்டர் ரெண்டு வண்டில ஏத்துப்பா."

குவாரிக்கரையில் இருந்த போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். மறுமுனை லாயிடின் கையில். பத்தடிக்குக் கீழே இருட்டு. விளக்கின் மெல்லிய கோடு பாறையைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. முதல் முறை ஒன்றுமில்லை. இரண்டாம் முறை, பாறை இடுக்கில் பழைய கம்பி வடம் ஒன்று தெரிந்தது. அதில் சிக்கிய ஒரு கால். நீல ஜீன்ஸ்.

மேலே கொண்டுவந்து தார்ப்பாயில் கிடத்தினார்கள்.

"முகத்தப் பாக்காதீங்கம்மா" என்றான் ஃபிராங்க்ளின்.

சொர்ணம் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானை நுனியைத் திரியாக முறுக்கி, மகனின் காதுக்குள் விட்டுச் சேற்றைத் துடைத்தாள்.

"காதுல தண்ணி நின்னா இவனுக்குச் சீழ் வெச்சுக்குமுங்க."

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, எடுக்கலாமா என்று போலீஸ்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னொரு காது இருக்குதுங்க" என்றாள்.