யூடித்துக்குக் கொடுத்த மருந்து

இலண்டன் கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பிடத்தில் மழையில் வழுக்கி விழுந்ததில் எர்வினின் இடுப்பெலும்பு உடைந்தது. எண்பது வயது. மறுநாளே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவர் மறுத்துவிட்டார்.

"வெட்டுவதற்குப் பயமில்லை. என்னைத் தூங்க வைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் ஒரு தமிழ்ப் பெண். மதுரைக்காரி, பெயர் கிரிஜா. அவள் எர்வினின் மனைவி றோஸ்மலரை வார்டுக்கு வெளியே அழைத்தாள்.

"முதுகுல ஊசி போட்டு முழிப்பா வச்சே பண்ணலாம்னுதான் பாத்தேன்மா. ஆனா அவருக்கு ஏற்கெனவே முதுகெலும்புல தகடு வச்சிருக்காங்க. முழு மயக்கம்தான் கொடுக்கணும். ஆபரேஷன் பண்ணலைன்னா படுத்த படுக்கைதான், நெஞ்சுல சளி கட்டிடும். உங்களுக்குத் தெரியாததா?"

"ஓம், தெரியும்." றோஸ்மலர் முப்பத்தெட்டு வருடம் நேர்ஸாக வேலை செய்தவள். "நான் கதைச்சுப் பாக்கிறன். கொஞ்ச நேரம் தாங்கோ."

அவள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். நேர்ஸ் படிப்புக்காக இலண்டன் வந்தவள். எர்வின் ஹங்கேரி நாட்டு யூதர். பதினொரு வயதில், ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தாறில், தாய் தகப்பனோடு எல்லை தாண்டி வந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. இருவருக்கும் கலியாணமாகி நாற்பத்தாறு வருடம். வீட்டில் ஆங்கிலம்தான். கோபம் வந்தால் மட்டும் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள். அது அவருக்கு நன்றாக விளங்கும்.

மருந்து விஷயத்தில் அவர் ஒரு மாதிரியானவர்தான். மகள் ஷெறோன் கைக்குழந்தையாக இருந்தபோது, காய்ச்சலுக்கு றோஸ்மலர் ஊற்றிய சிரப்பைத் தட்டிவிட்டு, போத்தலைப் பிடுங்கிச் சிங்கில் கவிழ்த்தார். மூன்று நாள் இருவரும் பேசவில்லை. விசர்க்குணம் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

இப்போது கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள்," என்றார். "யூடித். பத்து மாதம்."

றோஸ்மலர் அந்தப் பெயரை அதுவரை கேட்டதில்லை.

"நாங்கள் வெளிக்கிட்ட வருடம் சனங்கள் அரசாங்கத்துக்கு எதிராக எழும்பினார்கள். ரஷ்ய டாங்கிகள் வந்து அடக்கின. இரண்டு பக்கமும் எங்களை நம்பவில்லை. எங்கள் மாடிப்படிச் சுவரில் யாரோ கரியால் எழுதியிருந்தார்கள், யூதர்களே, இந்தமுறை ரயில் தேவைப்படாது என்று. அப்பாவின் தாய் தகப்பனைப் போரில் நாஜிகள் ரயிலில் ஏற்றித்தான் கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அன்று பின்னேரமே அப்பா உடுப்புகளைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

"எல்லையில் சதுப்பு நிலம். வழிகாட்டியவன், குழந்தை அழுதால் எல்லாருக்கும் முடிவு என்றான். அம்மா தூக்க மருந்து ஒரு கரண்டி கொடுத்தார். வாய்க்கால் ஒன்று குறுக்கே வந்தது, அதில் ஒற்றைப் பலகை. அம்மாவால் தனியே நடக்க முடியவில்லை. அப்பா அவரைத் தாங்கிக்கொண்டு முதலில் போனார். நானும் யூடித்தும் நாணலுக்குள். மருந்துப் போத்தல் என் பையில். எங்கேயோ கிட்டத்தில் சிப்பாய்கள் பேசும் சத்தம் கேட்டது. அவள் அசைந்தாள். சிணுங்கத் தொடங்கினாள்."

எர்வின் போர்வையின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தார்.

"என்னிடம் கரண்டி இல்லை. போத்தலை அப்படியே வாயில் வைத்து ஊற்றினேன். அவள் அமைதியாகிவிட்டாள். அப்பா திரும்பி வந்து அவளை வாங்கிக்கொண்டார். எல்லைக்கு அப்பால், ஒஸ்திரியாவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்தார்கள். காலையில் அம்மா பால் கொடுக்கத் தூக்கினார். பிள்ளை குளிர்ந்திருந்தது."

"அம்மாவிடம் சொன்னீர்களா?"

"போத்தல் எங்கே என்று மட்டும் அவர் கேட்டார். தண்ணீருக்குள் விழுந்துவிட்டது என்றேன். தான்தான் கூடக் கொடுத்துவிட்டேன் என்று சாகும்வரை நம்பினார். முப்பத்தைந்து வருடம். நான் ஒருநாளும் வாய் திறக்கவில்லை."

றோஸ்மலருக்கு மாமியார் இலோனாவின் கைகள் நினைவுக்கு வந்தன. ஷெறோனைப் பிரசவித்துக் கொண்டுவந்த அன்று பிள்ளையை நீட்டியபோது, அந்தக் கைகள் பின்னால் போய்விட்டன. பிறகும் ஒருநாள்கூட இலோனா பேத்தியைத் தூக்கியதில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

"எங்கட கறுப்புத் தோல்தான் காரணம் எண்டு நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தனான்." அவள் தமிழில்தான் சொன்னாள், குரலை உயர்த்தாமல். "பிள்ளைக்கும் அப்பிடித்தான் சொல்லி வளர்த்தனான். அந்த மனிசியின்ர செத்தவீட்டுக்கும் போகேல்லை. நீங்கள் எல்லாத்தையும் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"ஓம்," என்றார் எர்வின், தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்தில், "யாரோ அளந்து மருந்து கொடுத்து, நான் மட்டும் தூங்கி எழும்புவதா? என்னால் முடியாது, றோஸ்."

அவள் அவருடைய கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது, மனம் வரவில்லை.

"கையெழுத்தைப் போடுங்கோ. ஷெறோன் பின்னேரம் வாறாள். அவளுக்கு நீங்கள்தான் சொல்லோணும். அதுக்கு நீங்கள் எழும்பி வரத்தான் வேணும்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது என்று கிரிஜா வந்து சொன்னாள். எர்வின் கண் விழித்தார். ஆனால் அவர் பேசியது ஹங்கேரிய மொழி. வயதானவர்களுக்கு மயக்கத்துக்குப் பின் சில நாள் இப்படிப் புத்தி தடுமாறும், தெளிந்துவிடும் என்றார்கள். ஒரு கிழமை போயிற்று, இரண்டு போயிற்று. தெளியவில்லை. ஆங்கிலம் திரும்பவேயில்லை. றோஸ்மலரைப் பார்த்து "அன்யு, அன்யு" என்றார். அது அம்மா என்று அர்த்தம் என்பதை ஷெறோன் போனில் தேடிக் கண்டுபிடித்தாள்.

மூன்றாவது கிழமை, ஆஸ்பத்திரிக் கண்டீனில், றோஸ்மலர் மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பம்மா எங்களை வெறுத்தவ எண்டு நான் உனக்குச் சொன்னது பிழை, பிள்ளை. அவ பயந்தவ. தன்ர கையைப் பாத்துப் பயந்தவ."

ஷெறோனுக்கு நாற்பத்திரண்டு வயது. தேநீர்க் கோப்பையை மேசையில் சுழற்றினாள்.

"ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவ கார்ட் அனுப்புவா. நான் அதைத் திறக்காமலே குப்பையில போடுவன். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, அம்மா."

"ஓம். சொல்லேல்லை."

மேசைகளைத் துடைக்கிறவர் வந்து போனார். ஷெறோன் எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். பிறகு நின்று கேட்டாள்.

"அந்தப் பிள்ளையை எங்க புதைச்சவை?"

றோஸ்மலர் அதை எர்வினிடம் கேட்டிருக்கவில்லை. அன்று கோபத்தில் அவளுக்குத் தோன்றவேயில்லை. மேலே, ஐந்தாம் மாடியில், எர்வின் அவர்களுக்கு விளங்காத மொழியில் தன் தாயோடு பேசிக்கொண்டிருந்தார்.